தெரியாத நம்பர்

“ஆதார் கார்டு இருக்குங்க தம்பி. பேங்க் பாஸ்புக்கும் இருக்கு. என்னென்ன வேணும்னு மெதுவாச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள் ரஹ்மத் பீவி.

கடை வாசலில் சாக்லேட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மகள் சமீஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவா இப்படிப் பேசுகிறாள்?

ரஹ்மத் பீவியை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பது கொடைக்கானல் பஜாரே ஒப்புக்கொண்ட விஷயம். லோன், கிரெடிட் கார்டு என்று யார் கூப்பிட்டாலும் திட்டமாட்டாள், போனை வைக்கவும் மாட்டாள். “லோன் கெடக்கட்டும் சார். சளிக்கும் மூட்டுவலிக்கும் நம்ம கடைத் தைலந்தான். எத்தனை பாட்டில் அனுப்பட்டும்?” என்று அவர்களிடமே வியாபாரத்தை ஆரம்பித்துவிடுவாள். ஆளை விட்டால் போதும் என்று அவர்களே போனை வைத்துவிடுவார்கள்.

நம்பரை மாற்றச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டாள். மூத்தவன் சஃபீர், பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறியவன். அவனிடமிருந்து தகவல் இல்லாமல் மாதங்கள் ஓடிவிட்டன. அனுப்பிவைத்த ஏஜென்டின் போனும் அணைந்து கிடக்கிறது.

“அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்ணுதான்டி” என்பாள். அதனால் தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுத்தே ஆகவேண்டும். தொழுகை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்தப் போனுக்குக் காவல் கிடந்தாள்.

ஆனால் இன்று தைலப் பேச்சையே காணோம்.

“போட்ட பணம் ரெட்டிப்பா வருமா? நல்ல ஸ்கீமாத்தான் இருக்கு. ஆமா, உங்க தொண்டை ஏன் கட்டியிருக்கு? சளியா? … சரி சரி, நீங்க ஸ்கீமையே சொல்லுங்க.”

ரெட்டிப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள் சமீஹா.

கடைக்குள் நீலகிரித் தைல நெடி கண்ணைக் கரித்தது. அம்மா ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையால் பாட்டிலில் தைலம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டில் நிரம்பி மேசையெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. அவள் கண் சிவந்து நீர் கொட்டியது. தைலம் ஊற்றும்போது யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

“அம்மா, அது ஃப்ராடு கால்! கட் பண்ணு!”

ரஹ்மத் பீவி உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

“ஸ்பீக்கர்லயாவது போடு. நான் கேக்குறேன் நாலு கேள்வி.”

வேகமாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பக்கத்துல உங்க சார் நிக்கிறாரா தம்பி? நிக்கட்டும். ஆள் சேக்கலைன்னா ரொம்பத் திட்டுவாங்களோ?” போனை இன்னும் இறுக்கிக் காதில் வைத்துப் பதிலைக் கேட்டாள். “சாப்பாடாவது நேரத்துக்குப் போடுறாங்களா?”

வீட்டைக் கொள்ளையடிக்க வந்தவனை உட்காரவைத்து விருந்து வைப்பாள் போலிருக்கிறதே! சமீஹாவுக்கு அழுகை முட்டியது. பேங்கில் கிடப்பது அம்மாவின் வளையல்களை விற்ற பணம். அண்ணனைத் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. வாய் தவறி ஒரு ஓடிபியைச் சொன்னால் அவ்வளவும் போய்விடும்.

போனைப் பிடுங்க எட்டினாள். முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டாள் அம்மா. பக்கத்துக் கடை கந்தவேலைக் கூப்பிடலாம் என்றால், மழைக்கு ஒதுங்கிய டூரிஸ்ட் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

“ஆன்ட்டி, யூகலிப்டஸ் ஆயில் எவ்ளோ?” என்று ஒருவர் கேட்டார். வந்த கஸ்டமரை ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பாத ரஹ்மத் பீவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னைக்கே சேந்துற மாட்டேங்க. வேணாம்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கு வெள்ளனே கூப்பிடுங்க. அப்புறமும் கூப்பிடுங்க, தினமும் கூப்பிடுங்க. பெரிய பார்ட்டி, எப்படியும் சேந்துரும்னு உங்க சார்கிட்டச் சொல்லிவைங்க. என்ன தம்பி, சொல்லுவீங்கள்ல?”

வாங்குவேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் விலை கேட்டுக்கொண்டே நிற்கிற கஸ்டமரை எந்தக் கடைக்காரனும் விடமாட்டான். பஜாரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த பாடம் இது. அது தெரிந்துமா இந்த அம்மா ஒரு திருடனை நாள்தோறும் வரச்சொல்லி வெற்றிலை பாக்கு வைக்கிறாள்?

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள். ரஹ்மத் பீவி மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சமீஹா வெடுக்கென்று அதைப் பறித்தாள்.

“உனக்கென்ன பைத்தியமாம்மா? அண்ணனுக்குன்னு வச்சிருக்கிறதை எவனோ ஒரு களவாணிக்குத் தூக்கிக் குடுக்கப் போறியா? இனி அவன் எப்படிக் கூப்பிடுறான்னு பாக்குறேன்!”

அந்த நம்பரைத் தேடிப்பிடித்து, பிளாக் செய்ய விரலைக் கொண்டுபோனாள்.

ரஹ்மத் பீவி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தைலம் பட்ட கை வழுக்கியது. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்டி… பேசுனது உங்கண்ணன்.”