பன்னிரண்டாம் அளவு

முன்பனிக்காலம் மெல்ல இறங்கியிருந்தது. நண்பகலும் விடியலைப்போல் மங்கி, உலகம் வாய்மூடி எதற்கோ காத்திருந்தது.

அக்காவின் கணினியில் எழுத்துகள் நாள்தோறும் பெரிதாகிவந்தன. கணினி பழுதுபார்க்கும் அவள் தம்பி, வைரஸ்தான் என்று இணையத்தைத் துண்டித்தான். அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவினான். இறைவன்மேல் அவள் பாடிய தொண்ணூற்றொரு பாடல்களை மட்டும் திரும்ப ஏற்றி, எழுத்தின் அளவைப் பன்னிரண்டாக வைத்தான்.

மறுநாள் காலை ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அகலம் இருந்தது. அளவு பன்னிரண்டு என்றே காட்டியது.

“இதென்ன கூத்து! தூக்கிப் போடுக்கா, வேற வாங்கித் தர்றேன்.”

“வேண்டாம்டா. இதுலதான் எனக்கு எழுத்துத் தெரியுது.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“மூணு மாசமா கண்ணு மங்கிட்டே வருது. நூறு பாட்டையும் முடிச்சிட்டு உங்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அழுத்தக்காரி! எங்கிட்டகூடச் சொல்லல. இந்தக் கணினிக்கு மட்டும் யாரு சொன்னா?”

அவன் திருப்புளியைப் பைக்குள் வைத்துவிட்டு, கண் மருத்துவரிடம் நேரம் கேட்டான். கணினியை அப்படியே விட்டுவிட்டான்.

ஒன்பதாம் நாள், நூறாம் பாடலின் கடைசிச் சொல் திரை முழுவதும் நிறைந்து நின்றது. அவள் கைகூப்பி அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கணினியின் இளஞ்சூட்டைத் தடவிக்கொடுத்தாள்.

“நல்லா இருடா தங்கம்.”