எது முன்னட்டை

யாரோ மறுபடியும் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அடுக்கு முழுக்க மாறிக் கிடந்தது. இடிவேந்தன் கீழே. நிழல்மாறன் மேலே, இளித்துக்கொண்டு.

சிகரம் காமிக்ஸும் கழுகு காமிக்ஸும் சேர்ந்து போட்ட சிறப்பிதழ். ஈரோடு புத்தகக் கண்காட்சியில் இன்றுதான் வெளியீடு. ஒரு பக்கம் சிகரத்தின் இடிவேந்தன் அட்டை. தலைகீழாகத் திருப்பினால் கழுகின் நிழல்மாறன் அட்டை. இரண்டு கதைகளும் நடுப்பக்கத்தில் வந்து முட்டும். அங்கே இருவரும் கைகுலுக்குகிறார்கள்.

கைகுலுக்குகிறார்களாம். வெட்கங்கெட்டவர்கள்.

இத்தனை வருடமும் ஒன்றையொன்று கரித்துக்கொட்டிய பதிப்பகங்கள். எங்கள் கதையில் செத்தவன் செத்தவன்தான் என்று சிகரம் தலையங்கமே எழுதும். கழுகோ தன் ஆளை மூன்று முறை கொன்று மூன்று முறை எழுப்பியது. அதைக் கேட்டால், உங்கள் ஆள் குத்துவதைத் தவிர என்னத்தைக் கிழித்தான் என்பான் பூபதி.

பூபதி.

பெயரை நினைத்ததும் இன்னும் எரிந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்தே அவன் சிகரம், பூபதி கழுகு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வ.உ.சி. பூங்காவில் புத்தகங்களை மாற்றிக்கொள்வார்கள். எதிரியின் புத்தகத்தைப் படித்தால்தானே ஒழுங்காகத் திட்ட முடியும்?

ஒரே ஒரு சட்டம். வாயால் கதை சொல்லக் கூடாது. புத்தகத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நிழல்மாறனுக்குக் கண் போனது. அடுத்த இதழிலேயே கண் வந்துவிடும், கழுகுக்காரர்களுக்கு எதையும் போனபடி விடத் தெரியாது என்று இவன் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இருவரும் சேர்ந்து தொடங்கிய குழு. நூறு பேர் சிரித்தார்கள். பூபதி இவனைக் குழுவிலிருந்தே தூக்கிவிட்டான்.

அப்படியும் இவன் தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினான். பூபதி வரவில்லை.

அன்றோடு ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவும் நின்றது. கழுகின் ஒரு இதழைக்கூட இவன் பிறகு தொடவில்லை.

இப்போது இரண்டு முதலாளிகளும் தோள்மேல் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதோ, வாசலில் பேனராகவே தொங்குகிறது. இவர்களுக்காகவா நாங்கள் அடித்துக்கொண்டோம்?

அடுக்கை மொத்தமாகத் தூக்கிப் புரட்டினான். இடிவேந்தன் மேலே வந்தான்.

கடைப்பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, நீங்க ஒருபக்கம் திருப்பறீங்க, அந்தண்ணன் வந்து இன்னொருபக்கம் திருப்பறாரு. காலையில இருந்து இதே ரோதனையா இருக்குது. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க!”

எந்த அண்ணன்?

அடுக்கின் மறுபுறம் ஒரு கை ஏற்கெனவே நீண்டிருந்தது.

பூபதி. தொப்பை விழுந்திருந்தது. முன்நெற்றி ஏறியிருந்தது. முறைப்பு மட்டும் அதே முறைப்பு.

இவனும் முறைத்தான். சேர்த்து வைத்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. குழுவிலிருந்து தூக்கியதற்கு ஒன்று. கல்யாணத்துக்கு வராததற்கு ஒன்று. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தான்.

“அவனுக்குக் கண்ணு வந்துச்சாடா?”

பூபதிக்கு முகம் சிவந்தது. கையிலிருந்த புத்தகத்தை மேசையில் அறைந்தான்.

“வாயில கதை சொல்ல மாட்டேன்னு உனக்கு எத்தன தடவைடா சொல்றது?”

விறுவிறுவென்று கூட்டத்துக்குள் போய்விட்டான்.

என்ன திமிர்! ஒரு வார்த்தை, ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போய்விடுவான்? இவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பூபதி அறைந்த புத்தகம் நிழல்மாறன் மேலாகக் கிடந்தது. திருப்பக் கையைக் கொண்டுபோனான்.

கை பாதியில் நின்றது.

“இன்னைக்கு என்னம்மா கெழம?” என்று கடைப்பெண்ணிடம் எரிந்து விழுந்தான்.

“சனிங்ணா. நாளைக்கு ஞாயித்துக்கெழம.”