சும்மா கொடுத்த உறைமோர்

"உறைமோர் எல்லாருக்கும் சும்மா, தயிருக்குத்தான் காசு!" என்று கூவியே கடையைப் பிரபலமாக்கியது மண்பானை. அந்த உறைமோரை வாங்கிப்போன எவர்சில்வர் அண்டா, எதிரிலேயே பெரிய தயிர்க்கடை விரித்தது. பானைக்கு வயிறு எரிந்தது. "இனி ஒருத்தருக்கும் ஒரு சொட்டு கிடையாது!" என்று உறைமோரை இறுக மூடிப் பதுக்கியது. கேட்டு வந்த கிண்ணத்தையும் விரட்டியடித்தது.

ஒரு சாயங்காலம், காய்ச்சிய பாலை வயிற்றில் வாங்கிக்கொண்டு பதுக்கியதைத் திறந்தால், ஒரே பூசணம்! பாலோ ஆறிக்கொண்டே வந்தது. முழுக்க ஆறினால் தயிராகாது, விடிந்தால் கடையில்லை.

பானை கூச்சத்தை விட்டுக் கிண்ணத்தைக் கூப்பிட்டது.

"கொஞ்சம் உறைமோர் இருக்கா, தம்பி?"

"இருக்குண்ணே. நீங்க விரட்டினதும் அண்டா அண்ணன்தான் கொடுத்தாரு. ஊத்தட்டுமா?"

எதிர்க்கடையிலிருந்து அண்டா பார்த்துக்கொண்டிருந்தது. பானையின் மூடி மெல்லத் திறந்தது.