நூறாவது உறை

மூச்சுக்குழாய் போடுவதற்கு முன் எந்த மருந்தால் மயக்கினால் நல்லது என்று தென்காசியில் ஒரு மருத்துவமனையில் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்தின் பெயர் எழுதிய சீட்டு, ஒட்டி மூடிய உறைக்குள் இருக்கும். நோயாளிக்கு ஒன்றாக உறைகள் மொத்தம் நூறு. குழாய் இறங்கிய பிறகுதான் நர்ஸ் அந்தச் சீட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

குற்றாலத்துப் பாறையில் வழுக்கி விழுந்த சிவசைலம் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் பெர்சிஸ் நூறாவது உறையைக் கிழித்தாள்.

"எந்த மருந்து? சீக்கிரம் சிஸ்டர்!" என்றார் டாக்டர் கோமதிசங்கர்.

"கெட்டமைன் சார்."

அதற்குக் கீழும் எழுதியிருந்தது. இன்றைய தேதி. இரண்டாம் முயற்சி, 11.42. பக்கத்தில் எபனேசரின் கையெழுத்து. அதே வார்டில் நர்ஸாக இருந்த அவள் கணவர் அவர். போன ஐப்பசியில் இறந்துவிட்டார்.

முதல் முயற்சியில் குழாய் இறங்கவில்லை.

"கழுத்துல துளை போட்டிருவோம். கத்தியை எடுங்க."

"இன்னொரு தடவை பாருங்க சார். இறங்கிரும்!"

"எப்படிச் சொல்லுதீங்க?"

"பாருங்க சார்!"

இறங்கியது. பெர்சிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். 11.42.

"செஞ்சுரில்லா சிஸ்டர்!" என்று டாக்டர் சிரித்தார்.

வாசலில் சிவசைலத்தின் மனைவி உமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பிழைச்சிருவாகளா?"

அப்படியொரு வாக்கைப் பெர்சிஸ் யாருக்கும் கொடுத்ததில்லை. சீட்டின் கடைசி வரியை, நோயாளியின் இருபத்தெட்டாம் நாள் நிலை என்ற இடத்தை, இன்னொரு முறை பார்த்தாள். அதையும் எபனேசர் நிரப்பியிருந்தார்.

"அழாத தங்கச்சி," என்றாள். "நடந்தே வீட்டுக்கு வருவாக."