மூன்றாவது புல்லி

மரியசெல்வத்தின் பழைய பிக்கப் வண்டி ஒரு மாதமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்தில் இரண்டு மெக்கானிக்குகள் இன்ஜினை உறுமவிட்டு, காதுகொடுத்துக் கேட்டு, ஆளுக்கொரு பெல்ட் மாற்றியும் சத்தம் போகவில்லை. இன்றும் போகாவிட்டால் வண்டியைக் காயலான் கடையில் தள்ளிவிடுவதென்ற முடிவோடுதான் ஷகீலாவின் பட்டறைக்கு வந்திருந்தார். அவள் ஓடுகிற பெல்ட்டில் தண்ணீர் தெளித்தாள். கோளாறு பெல்ட்டில் இருந்தால் ஈரம் பட்டதும் சத்தம் மாறும்; ஆனால் மாறவில்லை. உடனே இன்ஜினை அணைத்துவிட்டாள். சத்தத்தைத் தேட வேண்டியவள் சத்தத்தையே நிறுத்துகிறாளே என்று அவருக்கு விசித்திரமாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடியபடி, அது ஓடும் சக்கரங்களான புல்லிகளை ஒவ்வொன்றாக விரலால் சுற்றினாள். மூன்றாவதில் விரல் தயங்கியது.

“இது இன்ஜினைக் குளுர வைக்கிற வாட்டர் பம்ப்போட புல்லி, பேரிங் போயிருச்சுங்ண்ணா. மலை ஏறுறப்ப பம்ப் நின்னிருந்தா இன்ஜினே வெந்திருக்கும்.”

“அப்ப வண்டி தேறுமாம்மா?”

“இன்ஜினுக்கு ஒண்ணுமில்லீங்ண்ணா. நீங்களே சுத்திப் பாருங்க.”

சுற்றினார். உள்ளே எங்கோ ஒரு மணல்துகள் நெருடுவதுபோல விரல்நுனியில் மெல்லிய அதிர்வு. பட்டறையின் நிசப்தத்தில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். புது பம்ப் வாங்க அவள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவர் புல்லியிலிருந்து கையை எடுக்கவில்லை.