மருமகள் எழுதிய சீட்டு

“கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா அந்த மருமகளுக்கு?”

பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் கிக்குயே.

பக்கத்து இருக்கையில் இருந்த வெளிநாட்டு அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். மடியில் சாமந்திக் கொத்து. பின்வாசலில் ஏறி, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தவள், டிரைவர் நாகாசேயிடம் ஒரு சீட்டை நீட்டியிருந்தாள். அவன் படித்தான். தலை குனிந்து வணங்கி, சீட்டைத் திருப்பிக் கொடுத்து, முன்னிருக்கையைக் காட்டினான்.

துறைமுகத்து விடுதியில் முப்பது வருஷம் அறை பெருக்கியவள் கிக்குயே. அங்கே ஒட்டிக்கொண்ட அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எங்கே போறீங்க?”

“என் மகனிடம்.”

அந்த அம்மா ஜன்னல் வழியே குன்றைக் காட்டினாள். கிக்குயேவுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் குன்றில் ஒரு கோயிலும் அதைச் சுற்றிக் கல்லறைகளும்தான். வீடு ஒன்றுகூடக் கிடையாது.

பெயர் ஐல்சா. ஊர் ஸ்காட்லாந்து. ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. மகன் இங்கே வந்து கல்யாணம் செய்து, இங்கேயே இருந்தவன். போன வருஷம் போய்விட்டான். விரலையும் கண்ணையும் நாலைந்து வார்த்தைகளையும் வைத்தே இவ்வளவையும் வாங்கிவிட்டாள் கிக்குயே.

“மருமகள் வரலையா?”

“தனியாக,” என்றாள் ஐல்சா. நெஞ்சைத் தொட்டு இன்னொரு தரம், “தனியாக.”

அவ்வளவுதான். கிக்குயே தன் மொழியில் பொரிய ஆரம்பித்துவிட்டாள்.

“கேட்டியா நாகாசே? பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவ. பாஷை தெரியாத ஊரு. துண்டுச் சீட்டு ஒண்ணைக் கையில திணிச்சு பஸ் ஏத்தி விட்டிருக்கா! பார்சலைக்கூட இதைவிடப் பத்திரமா அனுப்புவாங்கப்பா.”

“அக்கா, வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாது. போர்டு போட்டிருக்கு.”

“அது என்னிக்குமேதான் போட்டிருக்கு. நான் என்னிக்குக் கேட்டேன்? புருஷன் போனதும் மாமியார் பாரமாயிட்டா. அதான் விஷயம். என் வீட்லயும்தான் ஒருத்தி இருக்கா...”

நாகாசே பலமாகச் செருமினான்.

“என்ன இருமல்? மருந்து சாப்பிடு.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தாள். தோலை உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாக ஐல்சாவின் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டாவது சுளையில் ஐல்சாவின் உதடு நடுங்கியது. சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பாரு, அழக்கூட பயந்து சாகுது,” என்றாள் கிக்குயே.

ஒலிபெருக்கி அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது. ஐல்சா பதறிப்போய் சீட்டைக் கிக்குயேவிடம் நீட்டினாள். இதுதானா?

கிக்குயே கண்ணாடியைத் தேடி மாட்டினாள். முதல் வரியிலேயே நிறுத்தத்தின் பெயர். “இதுதான், இதுதான்!” என்று தலையாட்டினாள். நாகாசே எழுந்து வந்து ஐல்சாவைக் கைப்பிடித்து இறக்கிவிட்டான். சீட்டு கிக்குயேவின் கையிலேயே தங்கிவிட்டது. மிச்சத்தை அப்போதுதான் படித்தாள்.

‘இவர் என் மாமியார். ஆங்கிலம் மட்டுமே தெரியும். நான் பக்கத்தில் இருந்தால், எனக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லியே தன் அழுகையை விழுங்கிவிடுகிறார். இன்று ஒரு நாளாவது மகனிடம் மனசு விட்டு அழட்டும் என்றுதான் தனியாக அனுப்புகிறேன். ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. இதே பஸ்ஸில், கடைசி இருக்கையில் இருக்கிறேன். தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். மிஹோ.’

கிக்குயே மெதுவாகத் திரும்பினாள்.

தொப்பியும் முகக்கவசமுமாக ஒரு பெண் முன்னால் வந்துகொண்டிருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. சிவந்திருந்தன.

கிக்குயேவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“அம்மாடி... நான் பேசினது எல்லாம்...”

“கேட்டுது. பரவாயில்லைங்க. இந்த ஊர்ல அவங்களுக்காகச் சண்டை போட ஓர் ஆள் இருக்காங்களே!”

மிஹோ அவளுக்கு ஆழக் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள்.

நாகாசே வண்டியை எடுக்கவில்லை. அவனும் கிக்குயேவும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோயில் படிகளில் ஐல்சா ஏறிக்கொண்டிருந்தாள். இருபது படி தள்ளி, மரங்களை ஒட்டி ஒட்டி, சத்தமில்லாமல் மிஹோ.

பாதிப் படியில் ஐல்சா நின்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்தபடியே, மருமகள் வந்து பிடித்துக்கொள்வதற்காக, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.