தாராளமாத் தாங்கும்

“தாராளமாத் தாங்கும். கவலையே படாதீங்க.” சக்கரத்தைத் தட்டிக்கொண்டே சிரித்தான் ஹால்வர்.

எதிரே நின்ற ஸ்டெய்னாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தன் பழைய காரின் குளிர்காலச் சக்கரங்கள் நான்கையும் புது மின்சாரக் காரில் மாட்டித் தர வோஸ் ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி இந்தப் பட்டறைக்கு வந்திருந்தான். தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஹால்வரின் மனைவியாக இருந்த லிவ், இப்போது ஸ்டெய்னாரின் மனைவி.

“புதுசு விக்கணும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நீங்க தொழில்ல பொய் சொல்ல மாட்டீங்கன்னு லிவ் சொன்னா.”

“சொன்னாளா? வண்டி தூரமாப் போகுமோ?”

“வெள்ளிக்கிழமை மலை தாண்டிப் போகுது. நாலு பேரு, பனியில சறுக்குற ஸ்கீ கட்டை, மூட்டை முடிச்சு எல்லாம்.”

“லிவ்வும் வர்றாளா?”

“இல்ல, அவளுக்கு அன்னிக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி.”

“அப்ப சரி” என்றான் ஹால்வர்.

ஸ்டெய்னார் காபி எடுக்கப் போனான். ஸ்டெய்னார் வீட்டு ஆள் யாரோ முன்பே வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்த வண்டியை உள்ளே கொண்டுவர ஏறிய ஹால்வருக்கு முழங்கால் இடித்தது. ஆறடி உயர ஸ்டெய்னாரின் வண்டியில் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டிக் கிடந்தது. எரிச்சலோடு அதைப் பின்னுக்குத் தள்ளினான்.

கூட வேலை பார்க்கும் உன்னி ஒரு சக்கரத்தைப் புரட்டி, உட்புறத்தைத் துணியால் துடைத்தாள்.

“ஒரு சக்கரம் 560 கிலோதான் தாங்கும்னு போட்டிருக்கு. நாலும் சேர்ந்தா 2240. இந்த வண்டி காலியாவே ரெண்டாயிரத்தைத் தாண்டும். பேட்டரியே ஒரு குதிரை கனம். இதுல நாலு பேரு ஏறினா?”

“துளை பொருந்துதில்ல? மாட்டு.”

“இறக்கத்துல ஒரு குழியில விழுந்தாப் போதும், ரிம் பிளந்துரும்!”

“தெரியும்.”

உன்னி அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே எறிந்தாள். “நான் தொட மாட்டேன்.”

“அப்ப வீட்டுக்குப் போ. வாயைத் திறந்தா நாளைக்கும் வராத.”

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, காபியோடு நின்ற ஸ்டெய்னாரைத் தலைகுனிந்து கடந்து போனாள்.

நான்கையும் ஹால்வரே மாட்டினான். ஒவ்வொரு போல்ட்டையும் அக்கறையாக இறுக்கினான். லிவ் போனதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அவளோடு மகள் இங்வில்லும் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. இப்போது பெர்கன் நகரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவுக்கு ஒரு போன்.

சாவியைக் கொடுக்கும்போது ஸ்டெய்னாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை மதியம் போன் அடித்தது. இங்வில்!

“அப்பா! லைசென்ஸ் வாங்கிட்டேன்! உங்களை அசத்தணும்னுதான் இத்தனை நாள் சொல்லல.”

“அட கழுதை!” அவனுக்குக் கண் கலங்கியது. “எங்க இருக்க?”

“மலையில. ஸ்கீ போகலாம்னு தோழிங்க மூணு பேரையும் ஏத்திக்கிட்டு வந்தேன். பதினெட்டு வயசாச்சுன்னு ஸ்டெய்னார் அந்தப் புது வண்டியை எனக்கே குடுத்துட்டாரு!”

ஹால்வர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “நிறுத்து! இங்வில், வண்டியை ஓரமா நிறுத்தும்மா!”

“சரியாக் கேக்கலப்பா, சுரங்கம் வருது… மெதுவாப் போன்னு சொல்றீங்களா?” அவள் சிரித்தாள். “நீங்க மாட்டின சக்கரம்ப்பா! அந்தத் தைரியத்துலதான் பறக்குறேன்!”